தூசி மசோதா

பெண்டன் மில்ஸ், வெர்மான்ட்
1921 பிப்ரவரி 24

ஓரின்,

இன்று காலை பத்திரிகையை யூவன்தான் படித்துக் காட்டினான். பட்டறைக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஷூவுக்குக் கயிறுகூடக் கட்டாமல், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தான். கல் பட்டறைகளில் தூசி உறிஞ்சும் காற்றாடி வைத்தே ஆக வேண்டும் என்ற மசோதா மேலவையில் தோற்றுவிட்டது. ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு பதினான்கு. சமமாக நின்றதால் அவைத் தலைவராக இருந்த துணை ஆளுநர் தன் ஓட்டைப் போட்டுக் கவிழ்த்துவிட்டார்.

யூவன் ஆதரவுப் பட்டியலில் உன் பெயரைத் தேடினான். இல்லை. எதிர்ப்பிலும் தேடினான், நல்லவேளை அங்கேயும் இல்லை. கடைசி வரியில் பொடி எழுத்தில் உன் பெயர் இருந்தது: 'ஓட்டளிக்காதவர்கள்: விட்கம், பீஸ்லி.'

"உடம்புக்கு முடியலையோ என்னவோ, விசாரிச்சு எழுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் புருஷன் அப்படித்தான். எனக்கு அந்த நல்ல மனசு வராது. அதே பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், அன்று மாலை வக்கீல்கள் சங்க விருந்தில் நீ பேசியதாகப் போட்டிருக்கிறது.

அது நீ எழுதிய மசோதா. என் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, காற்றுச் சுத்தியல் அடிக்கும்போது கல்தூசி எந்தப் பக்கம் கிளம்பும், மூக்குக்கு எவ்வளவு கிட்டே வரும் என்று யூவனைத் துளைத்துத் துளைத்துக் கேட்டு எழுதியது. உன் மசோதாவுக்கு நீயே ஓட்டுப் போடவில்லை. ஏன்?

ஹல்டா


தலைநகர்
1921 பிப்ரவரி 27

அக்கா,

நீ கேட்பதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். நான்கு நாளாகத் தாளை எடுத்து வைப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். நடந்ததை முதலில் சொல்கிறேன். என் தரப்பு வாதத்தைப் பிறகு சொல்கிறேன். தொழில் புத்தி, பொறுத்துக்கொள்.

பீஸ்லியை உனக்குத் தெரியாது. தெற்கு மாவட்டத்து உறுப்பினர், வயதானவர், என் மசோதாவுக்கு முதல் எதிரி. அவர் மனைவியை பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மாடிப்படியில் என்னை நிறுத்தினார். தொப்பி கையில் இருந்தது, அதன் விளிம்பைக் கசக்கிக்கொண்டே பேசினார்.

"விட்கம், டாக்டர் உடனே வரச் சொல்லித் தந்தி குடுத்திருக்காரு. ஓட்டெடுப்பு அடுத்த வாரம்னு பேசிக்கிறாங்க. அதுக்குள்ள நான் திரும்பலேன்னா? என்கூட ஜோடி கட்டறீங்களா?"

இங்கே அது பழைய வழக்கம். ஒருவர் அவையைவிட்டுப் போக நேர்ந்தால் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அவரோடு ஜோடி கட்டிக்கொள்வார். அவர் திரும்பும்வரை இவரும் அந்த விஷயத்தில் ஓட்டுப் போடமாட்டார். இரண்டு பக்கமும் ஒன்று குறையும், தராசு சாயாது. இதற்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை, கைகொடுப்பதோடு சரி. நான் கைகொடுத்தேன். அழுதுகொண்டு நிற்கிற மனிதருக்குக் கொடுக்காமல் எப்படி இருப்பேன்?

அன்று எங்கள் பக்கம் இரண்டு ஓட்டு கூடுதலாக இருந்தது. மறுநாள் எங்களில் ஒருவர் அவர்கள் பக்கம் சாய்ந்தார். அது தெரிந்ததும் எதிர்ப்பக்கம் ஓட்டெடுப்பைப் புதன்கிழமைக்கே இழுத்துவிட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நம் ஆட்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் என் கோட்டைப் பிடித்து, "சொல்லித் தொலைய்யா, பீஸ்லி என்ன கேஸா போடப்போறாரு?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

என் வாதம் இதுதான். பீஸ்லி அவையில் இருந்திருந்தாலும் பதினைந்துக்குப் பதினைந்து நின்று, துணை ஆளுநர் கவிழ்த்திருப்பார். என் சொல்லால் மசோதா போகவில்லை. இதைப் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

யூவனிடம் நீ சொல்லாதே. நான் நேரில் வந்து சொல்கிறேன்.

உன் தம்பி
ஓரின்


பெண்டன் மில்ஸ்
1921 மார்ச் 3

ஓரின்,

உன் விளக்கம் கிடைத்தது. கோர்ட்டில் படித்தால் நன்றாக இருக்கும்.

பீஸ்லி இருந்திருந்தாலும் தோற்றிருக்கும் என்கிறாய். அவர் இல்லையே. அவர் பாஸ்டனில் இருந்தார், நீ அங்கே இருந்தாய். ஒரே ஒரு 'ஆம்' சொல்லியிருந்தால் இன்று பட்டறைகளில் காற்றாடி மாட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இந்த ஊர் உன்னை அனுப்பியது?

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். வழக்கம்போலப் பெண்கள் எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதார்த்தம் கொண்டுபோனோம். பட்டறை முதலாளி ஹாலண்டின் மனைவி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்க தம்பி மாதிரி கண்ணியமானவங்க இந்தக் காலத்துல ஏது ஹல்டா?" என்றாள். என் கையில் சுடச்சுட பீன்ஸ் பானை இருந்தது. அவள் தலை தப்பியது ஊர் செய்த புண்ணியம்.

அப்பா உன்னைப் பண்ணையைவிட்டு அனுப்பமாட்டேன் என்று நின்றபோது, உன் பங்கு மாடுகளையும் நானே கறக்கிறேன் என்று நான் சொன்னதால்தான் உன்னை நீதிபதி ஐயாவின் ஆபீசில் சட்டம் படிக்க விட்டார். சாயங்காலம் தொழுவத்து வாசலில் நின்று ஒப்பிப்பாய். நான் பாலைப் பீய்ச்சிக்கொண்டே, நீ எங்கே விடுகிறாய் என்று பார்த்துச் சொல்வேன். ஒப்பந்தம் என்றால் என்ன என்று இன்றைக்கும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதனால் கேட்கிறேன். போன நவம்பர் நன்றித் திருநாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே, "இந்தத் தடவை முடிச்சிடறேன் யூவன், என்னை நம்பு" என்று சொன்னாயே, அது என்ன? பீஸ்லிக்குக் கொடுத்தால் சொல், கல் கொத்துகிறவனுக்குக் கொடுத்தால் பேச்சா?

டாக்டர் யூவனுக்கு இரண்டு நுரையீரலிலும் புள்ளி விழுந்துவிட்டது என்கிறார். தூசி இல்லாத இடத்தில் வேலை செய்தால் இன்னும் சில வருஷம் ஓட்டலாமாம். அவனுக்கு வேறு வேலை தெரியாது. ஸ்காட்லாந்திலிருந்து உளியோடு வந்தவன். இன்றும் காலையில் போயிருக்கிறான்.

இங்கே வராதே. எழுதவும் வேண்டாம்.

ஹல்டா


தலைநகர்
1921 நவம்பர் 25

அக்கா,

எழுதாதே என்றாய். எட்டு மாதம் உன் சொல்லைக் கேட்டேன். நேற்று எல்லார் வீட்டிலும் வான்கோழி விருந்து. நான் விடுதியில் இரண்டு விற்பனை ஏஜெண்டுகளோடு உட்கார்ந்து பன்றிக்கறி சாப்பிட்டேன். அவர்களில் ஒருவன் எனக்கு ஷூ பாலிஷ் விற்கப் பார்த்தான். அதற்கு மேல் தாங்கவில்லை, எழுதுகிறேன்.

பீஸ்லியின் மனைவி ஏப்ரலில் இறந்துபோனாள். என்னிடம் வந்து, "அவ கடைசியா கண்ணைத் திறந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன், அதுக்கு நீங்கதான் காரணம்" என்றார். நன்றி சொன்னவரைப் பார்த்துக் கோபம் வந்தது, அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

ஹாலண்டும் மற்ற முதலாளிகளும் என் ஆபீசிலிருந்து வழக்குகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தோற்றதற்குப் பாராட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கொண்டுவருவேன் என்று சொன்னதும் பாராட்டு நின்றுவிட்டது. நம் ஆட்கள் பக்கமும் ஒன்றும் குறைவில்லை. தெருவில் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போகிறார்கள். இரண்டு தடவை மாவட்ட அரசு வக்கீல், பிறகு கீழவை, பிறகு மேலவை. அடுத்தது வாஷிங்டன்தான் என்று ஊரில் பேசினார்கள் இல்லையா? இப்போது என் கதவைத் தட்டுகிறவர்கள், வேலித் தகராறுகாரர்களும் நாய் கடித்தவர்களும்தான்.

இதையெல்லாம் இரக்கம் வாங்குவதற்குச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன் அக்கா. யூவனுக்குச் சொன்னதும் சொல்தான். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. எதிரே நின்று அழுதவருடையதைக் காப்பாற்றினேன், எதிரே நிற்காதவனுடையதை விட்டுவிட்டேன். யூவன் அன்று என் முன்னால் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த வருஷம் மறுபடி நிற்கப்போகிறேன். ஜெயிப்பேன் என்று யாரும் சொல்லவில்லை.

ஓரின்


பெண்டன் மில்ஸ்
1922 நவம்பர் 12

ஓரின்,

ஜெயித்துவிட்டாய். எப்படி என்று நீ தலைநகரில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாய். எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது, அதுவும் ரொட்டிக்கடை ரோஸி அம்மாள் சொல்லி.

கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் யூவன், "மீன் பிடிக்கப் போறேன்" என்று கிளம்புவான். ஒரு மீனும் வந்ததில்லை. "அதுங்களுக்கு என்னைப் பாத்தா பாவமா இருக்கு போல, கிட்டவே வரமாட்டேங்குது" என்பான். நானும் நம்பித் தொலைத்தேன். அவன் வண்டி பிடித்து ஒவ்வொரு பட்டறை ஊராகப் போயிருக்கிறான். இத்தாலிக்காரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள், ஸ்பெயின்காரர்கள் எல்லார் வீட்டுக்கும் போய், உனக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறான். இருமல் வந்தால் வெளியே வந்து இருமிவிட்டு மறுபடி உள்ளே போவானாம். ஒரு வீட்டில், "உன் மச்சான்தானே நம்ம கழுத்தை அறுத்தான்?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு இவன், "விரோதிக்குக் குடுத்த வார்த்தைக்கே வாயை மூடிக்கிட்டு உக்காந்தான் பாரு, அந்த மாதிரி ஆளு நமக்கு வார்த்தை குடுத்தா எப்படி இருக்கும்னு யோசி" என்றானாம்.

ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது, கட்டினவளுக்கு மட்டும் தெரியவில்லை. நேற்று ஒரு பாட்டம் சண்டை போட்டேன். அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பட்டறைக்குப் போவது செப்டம்பரோடு நின்றுவிட்டது, அதையும் நீ தெரிந்துகொள். காற்றாடி வந்தாலும் இனி இவனுக்கு இல்லை. அவன் கல் கொத்துகிற மேடைக்குப் பக்கத்துப் பட்டடையில் ரோஸியின் மகன் வேலை கற்கிறான், இருபது வயது. யூவன் அவனைப் பற்றித்தான் பேசுகிறான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. யூவன் எழுதச் சொன்னான், எழுதினேன். கிறிஸ்துமஸுக்கு அவன் உன்னைக் கூப்பிடுகிறான். நான் கூப்பிடவில்லை. ஆனால் சமைப்பேன்.

ஹல்டா


தலைநகர்
1923 பிப்ரவரி 15

அக்கா,

கிறிஸ்துமஸில் பார்த்த யூவனை மறக்க முடியவில்லை. போர்வைக்குள் ஆளே இல்லாதது போல இருந்தான். டாக்டரின் கடிதம் நேற்று வந்தது. நாள் எண்ணச் சொல்கிறார்.

ஓட்டெடுப்பு வருகிற புதன்கிழமை. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இன்ஃப்ளூயன்ஸாவில் படுத்திருக்கிறார், இந்தக் கூட்டத்தில் எழுந்து வரமாட்டார். அதனால் இப்போதைக்கு எங்களுக்குப் பதினைந்து, அவர்களுக்குப் பதினான்கு. கட்சிப் பெரியவர்கள் போன வாரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு, இந்த மசோதாவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தால் வசந்தத்தில் காலியாகிற நீதிபதி நாற்காலி எனக்குத்தான் என்றார்கள். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது முக்கியமானது. இன்று காலை பீஸ்லி என் அறைக்கே வந்தார். டாக்டர் கடிதம் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்காரவில்லை.

"உங்க அக்கா வீட்டுக்காரரு ரொம்ப மோசமா இருக்காராமே. நீங்க கிளம்புங்க. நான் உங்ககூட ஜோடி. என் பேரைக் கூப்பிட்டா வாயைத் திறக்கமாட்டேன்."

நான் கணக்குப் போட்டேன், வெட்கமில்லாமல் அவர் முகத்துக்கு முன்னாலேயே. நாங்கள் இருவரும் விலகினால் பதினான்குக்குப் பதின்மூன்று, மசோதா பிழைக்கும். நான் உங்கள் வீட்டில் இருக்கும்போது அவர் மட்டும் சொல் தவறி வாயைத் திறந்தால் பதினான்குக்குப் பதினான்கு. துணை ஆளுநர் மறுபடி கவிழ்ப்பார். முதலாளிகள் தினம் அவர் வாசலில் நிற்கிறார்கள். அவர் மாப்பிள்ளையே ஒரு பட்டறைக்குப் பங்காளி.

ஆனாலும் நான் அவரை நம்புகிறேன். கைகொடுத்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: உன்னிடமிருந்து தந்தி வந்தால் ஜோடி, வராவிட்டால் இருவரும் எங்கள் இடத்தில் இருப்போம். தந்தி அடி. 'வா' என்று ஒரு சொல் போதும், அடுத்த ரயிலில் இருப்பேன். இந்தத் தடவை யூவனை விட்டுவிட எனக்கு மனசில்லை.

ஓரின்


பெண்டன் மில்ஸ்
1923 பிப்ரவரி 18

ஓரின்,

உன் கடிதத்தை யூவனுக்குப் படித்துக் காட்டினேன். நேற்று ராத்திரியைவிட இன்று தேவலை. ஓட்ஸ் கஞ்சி அரைக் கிண்ணம் குடித்தான், உப்பு போதவில்லை என்று திட்டினான்.

பீஸ்லி பற்றிக் கேட்டுவிட்டு தலையணையில் சாய்த்து உட்காரவைக்கச் சொன்னான். பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்: "நல்ல மனுஷன்தான். ஆனா ஓரினை அங்கயே இருக்கச் சொல்லு. இந்தத் தடவையும் அவன் பேரு கடைசி வரில வரவேணாம். அவன் வாயால 'ஆம்'னு சொல்லணும். பத்திரிகையில நான் பாக்கணும்."

அவசரம் என்றால் தந்தி அடிக்கிறேன். தந்தி வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு உன் வேலையைப் பார்.

ஹல்டா


தலைநகர்
1923 பிப்ரவரி 21, புதன்

அக்கா, யூவன்,

நிறைவேறிவிட்டது. பதினைந்துக்குப் பதினான்கு.

காலையில் பீஸ்லி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். "தந்தி வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "நல்லா இருக்காருன்னு அர்த்தம்" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். உள்ளே போய், தன் முறை வந்ததும் உரக்க 'இல்லை' என்றார். அவர் நினைப்பதை அவர் சொன்னார். அவர் மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை.

பட்டியலில் என் பெயர் கடைசிக்குக் கிட்டே வரும். கூப்பிட்டபோது எழுந்து நின்றேன். நின்று சொல்ல வேண்டிய அவசியமில்லை, ஆனாலும் நின்றேன். 'ஆம்' என்று சொன்னது எனக்கே பெரிதாகக் கேட்டது. கீழவை ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. ஆளுநர் கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்த குளிர்காலத்துக்குள் ஒவ்வொரு பட்டடைக்கும் காற்றாடி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டும்.

யூவன், சனிக்கிழமை வருகிறேன். நாளைய பத்திரிகையை நானே கொண்டுவருகிறேன், தபாலில் கசங்கிவிடும். நீ சொன்ன மாதிரியே என் பெயர் சரியான இடத்தில் இருக்கும். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்.

ஓரின்


பெண்டன் மில்ஸ்
1923 பிப்ரவரி 21, புதன் மாலை

தம்பி,

மசோதா என்ன ஆயிற்று என்று தெரியாமலே எழுதுகிறேன். தெரிந்தபிறகு எழுதினால் இதை நேர்மையாக எழுதமாட்டேன் என்று பயமாக இருக்கிறது.

யூவன் நேற்றுக் காலையில் போய்விட்டான். விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். அடுப்பில் விறகு போட்டுவிட்டுத் திரும்பினேன், மூச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியது பொய். கஞ்சியைத் திட்டியது உண்மை, குடிக்கவில்லை. அன்று இரவே டாக்டர், "தம்பிக்குத் தந்தி குடுத்துடு ஹல்டா" என்றார். திங்கட்கிழமை யூவன் உன்னைக் கேட்டான். இருக்கச் சொன்னவனே, நினைவு தப்பித் தப்பி வரும்போது, "ஓரின் வந்துட்டானா?" என்று இரண்டு தடவை கேட்டான். கிளம்பிவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்றேன். கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன்வரை போனேன். தந்திக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னம்மா எழுதணும்?" என்றார். ஒன்றுமில்லை, ரயில் நேரம் கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நேற்று அவன் போனபிறகும் அடிக்கவில்லை. டாக்டரையும் ரோஸி வீட்டாரையும் புதன்கிழமை சாயங்காலம்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று கெஞ்சி நிறுத்தினேன்.

நீ நம்புகிற பீஸ்லியை என்னால் நம்ப முடியவில்லை. அதுதான் காரணம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இத்தனை பேருடைய மூச்சை, நான் முகம்கூடப் பார்க்காத ஒருவரின் சொல்லில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. உன்னைக் கூப்பிடவில்லை. அவன் கேட்டுக்கொண்டே போனான்.

இரண்டு வருஷமாக உன்னைக் கேட்டேனே, நம்மவனை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் காப்பாற்ற உனக்கு எப்படி மனசு வந்தது என்று. இப்போது தெரிகிறது. தெரிந்தும் வலி குறையவில்லை. நீ என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு. உன் மச்சானிடம் உன்னைக் கடைசியாக ஒரு தடவை வரவிடாமல் செய்தவள் நான். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன், நீ கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிரார்த்தனை. இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன் கிளம்பினால் வந்துசேரலாம். நிலம் உறைந்து கிடப்பதால் பெட்டியை இப்போதைக்குக் கல்லறைத் தோட்டத்து அறையில் வைப்பார்கள். மே மாதம் பனி உருகியபிறகுதான் புதைக்க முடியும்.

இன்று சாயங்காலம் சேதி தெரிந்ததும் பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையாகச் சமையலறையில் நின்றார்கள். ரோஸியின் மகன்தான் பேசினான். "மிசஸ் மெக்ரே, அவருக்கு நாங்களே கல் வெட்டறோம். பட்டறையிலயே நல்ல கல்லா எடுத்து வெச்சிருக்கோம். நான்தான் எழுத்து வெட்டுவேன், அவர்கிட்ட கத்துக்கிட்டது." அந்தப் பையன் பேசும்போதே ஒரு தடவை இருமினான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முகமும் விழுந்துபோயிற்று. யூவன் பெயரை வெட்டுகிற தூசி ஒருவன் நெஞ்சுக்குள்ளும் போகக்கூடாது. மசோதா ஜெயித்திருந்தால், காற்றாடி மாட்டியபிறகு அந்தப் பையன் வெட்டட்டும். தோற்றிருந்தால் எனக்குச் சொல். ஒரு மரப்பலகை போதும், அதில் நானே எழுதிக்கொள்கிறேன்.

ஹல்டா அக்கா